பிளாட்போம் டிக்கட்டைப் பத்து மடங்கு பெருப்பித்துச் சுவரில் மாட்டுவது எப்படி?

எங்கள் அம்மாயியின் பிஸ்கட் டின்னுக்குள் ஒரு பிளாட்போம் டிக்கட் இருக்கிறது. ஹட்டன் ஸ்டேசனில் வாங்கியது. தீப்பெட்டி நீளத்தில் தடித்த மட்டை, ஓரத்தில் திகதி குத்திய தடம். எண்ணில் பாதி அழிந்துவிட்டது. அம்மாயி அன்றைக்கு எந்தப் பயணமும் போகவில்லை. தங்கச்சி குடும்பத்தை இந்தியாவுக்கு ஏற்றிவிடப் போனார். மலையகத் தமிழரில் ஒரு பகுதியை இந்தியாவுக்கு அனுப்ப இரண்டு நாடும் செய்துகொண்ட 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு, ஆட்களைக் குடும்பம் குடும்பமாகக் கப்பலேறத் தலைமன்னாருக்குக் கொண்டுபோன கோச்சி (ரயில்) அது. மலையகத்தில் அதற்கு அழுகைக் கோச்சி என்று பெயர்.

அந்த டிக்கட்டைத்தான் பத்து மடங்கு பெருப்பித்து முன்னறைச் சுவரில் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் எங்கே வாங்கியது என்று கேட்கிறார்கள். பிளைவூட் துண்டு ஒன்று, மூன்று போட்டோகொப்பி, ஒரு போத்தல் பைண்டர் கம், நாலு கரண்டி டஸ்ட் தேயிலை. முக்கியமான சாமான் இவ்வளவுதான்.

எல்ல ஊர்ப் பக்கம் உள்ள சாப்பாட்டுக் கடைகளில் பழைய காலத்துப் போஸ்டர் மாதிரி அச்சடித்த படங்கள் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு யானை, ஒரு நீல நிறக் கோச்சி, கூடையோடு சிரிக்கும் ஒரு கொழுந்து பறிக்கும் பெண். அந்தப் பெண்ணுக்கு வயது நூற்றுக்கு மேல். 1890இல் கொழும்பில் தொடங்கிய பிளாட்டே ஸ்டூடியோவும் அதைப் போன்ற மற்ற ஸ்டூடியோக்களும் அவளைப் படமெடுத்துத் தபால் அட்டையாக விற்றன. வந்துபோன துரைமார் ஊருக்கு அனுப்பினார்கள். படத்தில் இருந்தது நம் ஆட்கள். படம் போய்ச் சேர்ந்தது வேறு வீடுகளுக்கு. அதே படத்தை இன்றைக்குக் காசு கொடுத்து வாங்கி நம் சுவரில் மாட்டுவதில் எனக்கு விருப்பமில்லை. ஆனால் அந்தக் காலத்து டிக்கட், பெட்டி லேபல், போஸ்டர் எல்லாவற்றிலும் ஓர் அழகு இருக்கிறது, அதை விடவும் மனமில்லை. அதனால் வடிவத்தை அங்கேயிருந்து எடுத்துக்கொண்டு, விஷயத்தை நம் வீட்டு டின்னிலிருந்து எடுக்கலாம் என்று தோன்றியது.

எதைத் தெரிவு செய்வது

டின்னைக் கொட்டிப் பாருங்கள். ரயில் டிக்கட், பஸ் டிக்கட், தமிழ்நாட்டிலிருந்து வந்த ஏரோகிராம், சிவனொளிபாத மலை சீசனில் எடுத்த படம், மாத்தளை முத்துமாரியம்மன் தேர் நோட்டீஸ் என்று ஏதாவது கிடைக்கும். சில வீடுகளில், தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிய மண்டபம் முகாமில் கழுத்தில் கட்டிவிட்ட எண் பொறித்த தகரத் துண்டுகூட இருக்கலாம். இருந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர், அதைத் தயவுசெய்து பொலிஷ் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள்.

எழுத்தும் எண்ணும் உள்ள பொருளையே முதலில் எடுங்கள் என்பேன். முகம் உள்ள படத்தைப் பெருப்பித்தால் மங்கிப்போகும், ஆள் யாரென்று தெரியாமல் போய்விடும். எழுத்து பெரிதாகப் பெரிதாக அழகு கூடும். அச்சு மை கசிந்த இடம், எழுத்து நொறுங்கிய இடம் எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும்.

மட்டை டிக்கட் இதற்கு என்றே செய்தது போன்ற சாமான். 1830களில் தோமஸ் எட்மன்சன் என்ற ஆங்கிலேயர் உண்டாக்கிய வடிவம் அது. மனிதர் முதலில் தளபாடம் செய்கிற தச்சர், பிறகு ஸ்டேசன் மாஸ்டர் ஆனவர். அளவெடுத்து வெட்டிய மட்டை, வரிசை எண், திகதி குத்துவதற்கு ஒரு சின்ன மெஷின் எல்லாம் அவருடைய யோசனை. டிக்கட் சுமார் 57 மில்லிமீற்றர் நீளம், 30 மில்லிமீற்றர் அகலம். பத்தால் பெருக்கினால் 57 சென்ரிமீற்றருக்கு 30 சென்ரிமீற்றர். லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) முன்னறைச் சுவருக்கு இது அளவான பருமன்.

எந்த மாதத்தில் தொடங்குவது

வழிகாட்டிகளில் இதை யாரும் எழுதுவதில்லை. கொழும்பில் இருப்பவருக்கு வேண்டாம்தான், நமக்கு வேண்டும். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கம் என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை. பண்டாரவளை, அப்புத்தளை, பதுளை பக்கம் என்றால் ஜூலை முதல் செப்டெம்பர் வரை. தேயிலை ஆட்களுக்கு இந்த மாதங்கள் மனப்பாடம். ஹட்டன் பக்கத்து டிம்புளையிலும் பதுளைப் பக்கத்து ஊவாவிலும் தரமான தேயிலை வரும் காலம் இவைதான். காய்ந்த காற்றும் குளிர்ந்த இரவும் கொழுந்துக்கு என்ன செய்யுமோ தெரியாது, பசைக்கு நன்றாகச் செய்யும். மழைக்காலத்தில் ஒட்டினால் பசை மூன்று நாளானாலும் கையில் பிசுபிசுக்கும், நாலாவது நாள் பூஞ்சணம் எட்டிப் பார்க்கும்.

முதல் படி: பிரதி எடுத்தல்

அசலை ஒட்டக் கூடாது, அசலில் சாயம் தடவக் கூடாது, அசலைக் கத்தரிக்கக் கூடாது. ஏன் இவ்வளவு கண்டிப்பாகச் சொல்கிறேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

கொமினிகேஷன் கடையில் ஸ்கேன் பண்ணினால் பெரும்பாலும் அங்குலத்துக்கு 600 புள்ளி கிடைக்கும். சின்ன டிக்கட்டில் அது மொத்தமே 1350 புள்ளிதான். பத்து மடங்கு இழுத்தால் அங்குலத்துக்கு 60 புள்ளி. எழுத்தின் ஓரம் படிக்கட்டு மாதிரித் தெரியும். ஆச்சரியம் என்னவென்றால் கைத்தொலைபேசி இதைவிட நன்றாகச் செய்யும். 12 மெகாபிக்சல் கமராவில் டிக்கட் படம் முழுவதையும் நிரப்புகிற மாதிரி எடுத்தால் நீளப்பக்கம் 4000 புள்ளி கிடைக்கும். சுவரில் மாட்டி மூன்றடி தள்ளி நின்று பார்க்க அது தாராளம். மிகக் கிட்டப் போனால் கமரா தெளிவாகப் பிடிக்காது. கொஞ்சம் பின்னால் வந்து, இரண்டு மடங்கு நெருக்கும் லென்ஸ் இருந்தால் அதில் எடுங்கள்.

வெளிச்சத்துக்குக் காலை ஏழு மணிக்கு, பனிமூட்டம் இறங்கியிருக்கும்போது ஜன்னலோரம் வையுங்கள். நிழல் விழாத, ஒரே சீரான வெளிச்சம் அது. ஸ்டூடியோக்காரர்கள் வெள்ளைக் குடை விரித்து உண்டாக்குவதைப் பனி நமக்குச் சும்மா தருகிறது. இந்த வேலை முழுவதிலும் பனி நமக்கு உதவி செய்கிற ஒரே இடம் இதுதான்.

அச்சுக்கு லேசர் மெஷின் வேண்டும். கடையில் தம்பி, "அண்ணே, கலர்ல இன்க்ஜெட்டில போட்டா வடிவா இருக்கும்" என்று சொல்வார். வேண்டாம் என்று சொல்லுங்கள். இன்க்ஜெட் மை பெரும்பாலும் தண்ணீர் பட்டதும் கரைந்து ஓடும். அடுத்த படியில் நாம் அதைத் தேயிலைச் சாயத்தில் முக்கப் போகிறோம். லேசரிலும் போட்டோகொப்பியிலும் இருப்பது சூட்டில் உருகிக் கடதாசியில் ஒட்டிய தூள், தண்ணீருக்கு அசையாது. படத்தை நெட்டாக மூன்று துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றும் 20 சென்ரிமீற்றர் அகலம் வருகிற மாதிரி ஏ3 தாளில் எடுங்கள். ஒன்றின் மேல் ஒன்று ஏற ஒரு சென்ரிமீற்றர் மிச்சம் இருக்கும். கறுப்பு வெள்ளை போதும். நிறத்தைத் தேயிலை கொடுக்கும். மூன்று துண்டையும் இரண்டு தடவை எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்று எப்படியும் கிழியும்.

இரண்டாம் படி: தேயிலையும் துருவும்

எனக்கு மிகவும் பிடித்த படி இது. அவசரப்படாமல் செய்யுங்கள்.

அரை லீற்றர் தண்ணீரில் நாலு கரண்டி டஸ்ட் போட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, துணியில் வடித்து ஆறவிடுங்கள். பீஓபி மாதிரி நல்ல ரகத் தேயிலையை வீணாக்க வேண்டாம். தூள் எவ்வளவு சின்னதோ அவ்வளவு வேகமாகச் சாயம் இறங்கும், அதனால் இந்த வேலைக்கு டஸ்ட்தான் ராஜா. குடித்த கசடையும் போடலாம், ஆனால் அரை மணி நேரம் கொதிக்க வேண்டும்.

அகன்ற தட்டில் சாயத்தை ஊற்றி, முதலில் வீண் தாளில் மூன்று கீலம் வெட்டிப் போட்டுப் பாருங்கள். ஒன்றை ஒரு நிமிடத்திலும் இன்னொன்றை ஐந்து நிமிடத்திலும் கடைசியை இருபது நிமிடத்திலும் எடுங்கள். காய்ந்த பிறகுதான் உண்மை நிறம் தெரியும்; ஈரத்தில் எல்லாமே கடும் பழுப்பாகத்தான் இருக்கும். எனக்கு ஐந்து நிமிடம் பிடித்தது. இருபது நிமிடத் தாள் டிக்கட் மாதிரி இல்லை, சுருட்டு மாதிரி இருந்தது.

பிறகு அச்சடித்த தாளை முக்கி எடுத்து, தகரத் தட்டில் விரித்து, அடுப்படிச் சூட்டில் காயவிடுங்கள். கொடியில் போட்டால் சாயம் கீழ் விளிம்புக்கு இறங்கி அங்கே மட்டும் கறுக்கும். தட்டையாகக் காய்ந்தால் ஈரம் எல்லா விளிம்புகளுக்கும் ஒரே மாதிரி ஒதுங்கும், போகும்போது சாயத்தையும் இழுத்துக்கொண்டு போகும். நடுவில் வெளிறி ஓரத்தில் கறுத்து, நிஜமாகவே பல வருடம் டின்னுக்குள் கிடந்த தாள் மாதிரி வரும்.

இனித் துரு. கூரைத் தகரத்திலிருந்து பிடுங்கிய நாலைந்து துருப்பிடித்த ஆணிகளை ஒரு சின்னக் கண்ணாடிப் போத்தலில் போட்டு, மூழ்கும் அளவுக்கு வினாகிரி ஊற்றி இரண்டு நாள் வையுங்கள். மூடியை இறுக்க வேண்டாம், உள்ளே வாயு உண்டாகும். கிடைக்கிற கலங்கிய தண்ணீரில் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷைத் தொட்டு, தேயிலைத் தாளின் மேல் விரலால் லேசாகத் தெறித்துவிடுங்கள். விழுந்த இடத்தில் முதலில் ஒன்றும் தெரியாது. கண்ணுக்கு முன்னாலேயே மெதுவாகச் சாம்பலாகி, பிறகு நீலம் கலந்த கறுப்பாகும். தேயிலையில் உள்ள துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்தால் வருகிற நிறம் அது. பல நூறு வருடம் மனிதர்கள் எழுதிய மையும் இதே கூட்டுத்தான், அங்கே தேயிலைக்குப் பதில் கடுக்காய் அல்லது மாசிக்காய். எங்கள் அடுப்படியில் இந்த மாற்றத்தைப் பார்த்து அக்காவின் மகன், "மாமா, பேய் எழுதுது" என்றான்.

மூன்று நாலு புள்ளியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நான் முதல் தாளில் ஆசைப்பட்டு அடித்துத் தள்ளினேன், டிக்கட்டுக்கு அம்மை போட்ட மாதிரி ஆகிவிட்டது.

மூன்றாம் படி: பலகை

6 மில்லிமீற்றர் பிளைவூட்டில் 57க்கு 30 சென்ரிமீற்றர் என்று தச்சு பாஸிடம் சொல்லி வெட்டி வாங்குங்கள். "என்னத்துக்கு?" என்று கேட்பார், டிக்கட் செய்ய என்று சொன்னால் ஒரு மாதிரிப் பார்ப்பார். அழுத்திச் செய்த மரத்தூள் பலகை மலிவுதான், ஆனால் நம் ஈரத்தில் ஓரம் ஊதி, பிஸ்கட் தேத்தண்ணியில் நனைந்த மாதிரி உதிரும். பிளைவூட்டே எடுங்கள்.

மூலைகளைச் சாண்ட் பேப்பரால் லேசாக மழுக்குங்கள். நிஜ டிக்கட்டின் மூலையும் சட்டைப்பையில் கிடந்து மழுங்கியதுதான். உங்கள் டிக்கட்டைப் பரிசோதகர் துளைக் கருவியால் கடித்திருந்தால் அந்தக் கடியையும் பத்து மடங்காக வெட்டச் சொல்லுங்கள். நாலு மில்லிமீற்றர் கடி நாலு சென்ரிமீற்றர் ஓட்டையாகும். பார்க்கிறவர்கள் முதலில் விரல் வைப்பது அங்கேதான்.

பலகையின் நாலு ஓரத்துக்கும் கெட்டியான தேயிலைச் சாயம் ஒரு பூச்சு, அது காய்ந்ததும் துருத் தண்ணீர் ஒரு பூச்சு. வெட்டிய ஓரத்தின் புது மர வெள்ளை மறைந்து பழைய மட்டையின் சாம்பல் நிறம் வந்துவிடும். முகப்புக்கு வெள்ளை இமல்ஷன் ஒரு பூச்சுப் போதும்.

நான்காம் படி: ஒட்டுதல்

கோதுமை மாப் பசையில் ஒட்டலாமே என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். வேண்டாம். மாப் பசை பூஞ்சணத்துக்கும் கரப்பானுக்கும் விருந்து. புத்தகம் கட்டுகிறவர்கள் அதில் மயில்துத்தம் கலப்பது அதற்காகத்தான், ஆனால் அது விஷம், பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கலக்கத் தேவையில்லை. வெள்ளை பைண்டர் கம் மூன்று பங்குக்குத் தண்ணீர் ஒரு பங்கு சேர்த்தால் போதும்.

கடதாசி ஈரம் பட்டால் விரியும். பசை தடவிய உடனே ஒட்டினால் அது பலகையின் மேல் இருந்தபடி விரிந்து சுருக்கம் விழும். அதனால் தாளின் பின்பக்கம் பசை தடவி ஐந்து நிமிடம் அப்படியே விடுங்கள். விரிய வேண்டியது விரிந்து முடியட்டும். பலகைக்கும் மெல்லிசாகத் தடவி, நடுத்துண்டை முதலில் வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு வெறும் சோடாப் போத்தலால் உருட்டுங்கள். பிறகு இடது, வலது துண்டுகள். ஓரங்களை முன்னாலேயே அளந்து வெட்டிவிடாதீர்கள். விரிந்த தாள் உங்கள் கணக்குக்கு வராது. ஒட்டிக் காய்ந்த பிறகு பிளேட்டால் பலகையோடு சேர்த்து வெட்டுங்கள்.

இன்னொன்று, பலரும் விடுவது. பலகையின் பின்பக்கத்திலும் வெறும் வெள்ளைத் தாளை இதே மாதிரி ஒட்ட வேண்டும். முன்பக்கத் தாள் காயும்போது சுருங்கிப் பலகையை இழுக்கும். பின்னாலும் ஒரு தாள் எதிர்த்து இழுத்தால்தான் பலகை நேராக நிற்கும். நான் முதலில் செய்த டிக்கட் பின்தாள் இல்லாமல் வாழைமடல் மாதிரி வளைந்தது. இப்போது அது கோழிக்கூட்டுக்கு மூடி.

ஐந்தாம் படி: வார்னிஷ்

தண்ணீரில் கரையும், பளபளப்பில்லாத வார்னிஷ். முதல் பூச்சைப் பிரஷ்ஷால் தேய்க்காமல் ஸ்பொஞ்சால் ஒற்றி எடுங்கள், தேய்த்தால் தேயிலைச் சாயம் இளகி இழுபடும். காய்ந்தபின் இரண்டாம் பூச்சு. ஒரு கிழமை விட்டுவிடுங்கள்.

பக்கத்தில் மாட்ட ஒரு போஸ்டர்

டிக்கட் தனியாகத் தொங்கினாலும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் சுவர் பெரிதாக இருந்தால் பக்கத்தில் நிறம் உள்ள ஒன்று கேட்கும்.

பழைய ரயில்வே போஸ்டர்களில் நிறங்கள் ஏன் தட்டையாக, நிழல் இல்லாமல், நாலைந்தோடு நிற்கின்றன என்று யோசித்திருக்கிறீர்களா? அவை கல்லச்சில் அடித்தவை. ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக்கல், தனித்தனியாக அச்சு. நிறம் கூடினால் செலவு கூடும். அந்தச் சிக்கனத்திலிருந்து பிறந்த அழகு அது. நாம் கல்லுக்குப் பதில் நிறக் கடதாசியை வெட்டி ஒட்டலாம், அதே கட்டுப்பாட்டோடு. நாலு நிறம், ஐந்தாவது கிடையாது.

நம் மலைகள் இதற்கு வளைந்துகொடுக்கும். தூரத்து மலை வெளிறிய நீலச்சாம்பல், அடுத்தது கொஞ்சம் கடுமை, முன்னால் தேயிலை மலையின் கடும் பச்சை, அதற்குள் பாதையோ கோச்சியோ ஒரே ஒரு சிவப்புக் கோடு. தூரம் போகப் போக வெளிறும் என்ற ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் படம் தானாக எழும். ஒன்பது வளைவுப் பாலத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். 1921இல் கட்டி முடித்ததிலிருந்து நல்ல பாலம்தான், அதில் எனக்குச் சண்டை இல்லை, ஆனால் குளிரூட்டிக் காந்தத்தில்கூட அதுதான் இருக்கிறது. உங்கள் தோட்டத்து ஸ்டோரு (தேயிலைத் தொழிற்சாலை), காலையில் ஆட்கள் கூடும் பிரட்டுக்களம், தலவாக்கலை றோட்டிலிருந்து தெரியும் சென் கிளயர் நீர்வீழ்ச்சி, பட்டிப்பொல தாண்டி மழையோடு நுழைந்து வெயிலோடு வெளியே வருகிற அந்தச் சுரங்கம், இவற்றில் ஒன்று.

அடியில் ஊர்ப் பெயர், தமிழில், பெரிதாக. இங்கேதான் கொஞ்சம் மண்டை காயும். தமிழ் எழுத்து ஒரே அகலம் இல்லை. ‘ட’ ஒல்லி, ‘ண’ மூன்று ஆள் இடம் பிடிக்கும், புள்ளி மேலே எட்டிப் பார்க்கும், ‘ரு’ கீழே இறங்கும். ஆகவே எழுத்துக்கு ஒரு கட்டம் என்று பிரிக்காதீர்கள். முழுப் பெயரையும் பென்சிலால் ஒரே மூச்சில் எழுதிப் பார்த்து, பிறகு மொத்த அகலத்தையும் தாளுக்குப் பொருத்துங்கள். ‘நானுஓயா’ மாதிரிப் பெயர்கள் வெட்டச் சுகம். ‘இதல்கஸ்ஹின்ன’ ஊர்க்காரர்களுக்கு என் அனுதாபம். பெயருக்குக் கீழே ஸ்டேசன் பலகையில் உள்ள உயரத்தைப் போட்டால் பழைய போஸ்டர் களை வந்துவிடும். பட்டிப்பொல, 6226 அடி. இலங்கையில் அதைவிட உயரத்தில் ஸ்டேசன் கிடையாது. வருடம் போட விருப்பமென்றால் பாதை உங்கள் ஊருக்கு வந்த வருடத்தைப் போடுங்கள். கண்டிக்கு 1867, நானுஓயாவுக்கு 1885, பதுளைக்கு 1924. கண்டியிலிருந்து பதுளைக்குப் பாதை போய்ச்சேர 57 வருடம் என்று நினைத்தால் இப்போதைய கோச்சி தாமதமாக வருவதில் கோபம் கொஞ்சம் குறையும்.

இன்னும் இடம் இருந்தால் பெட்டி லேபல். துரைமாரின் பெட்டிகளில் ஹோட்டல்காரர் ஒட்டிய வட்ட லேபல்கள் போல, சோசரை வைத்து வட்டம் வரைந்து, ஹோட்டல் பெயருக்குப் பதில் உங்கள் தோட்டம், டிவிசன், லய இலக்கம். அரை மணி நேர வேலை, பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள்.

மாட்டுதல்

இப்போது அந்தக் கண்டிப்பின் கதை. ஸ்டேசனில் அன்றைக்கு எடுத்த ஒரு படமும் அம்மாயியிடம் இருந்தது. தங்கச்சி, மச்சான், மூன்று பிள்ளைகள், ஒரு டிரங்குப் பெட்டி. சில வருடங்களுக்கு முன் அதை நானே பிரேம் போட்டேன். பிரதி எடுக்கவில்லை. மாப் பசையில் அட்டையில் ஒட்டி, கண்ணாடியை நேராகப் படத்தின் மேல் அழுத்தி, மழை அடிக்கிற பக்கத்துச் சுவரில் மாட்டினேன். ஆடி மாதத்தில் கண்ணாடிக்குள் வியர்த்தது. படத்தின் மேல்பூச்சு இளகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. கழற்றும்போது கண்ணாடியில் நாலு முகம் வந்தது, அட்டையில் வெள்ளைத் தாள் மிஞ்சியது. அம்மாயி ஒன்றும் சொல்லவில்லை. டின்னை மூடி அலமாரிக்கு மேல்தட்டில் வைத்தார், அவ்வளவுதான்.

ஆகவே கண்ணாடி போடுவதென்றால் (போஸ்டருக்குப் போடலாம், டிக்கட்டுக்குத் தேவையில்லை) படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே மூன்று மில்லிமீற்றர் இடைவெளி விடுங்கள். ஓரம் முழுதும் தடித்த மட்டைக் கீலம் வைத்தால் சரி. பிரேமின் பின்பக்க நாலு மூலையிலும் பழைய றப்பர் செருப்பில் வெட்டிய துண்டுகளை ஒட்டுங்கள். சுவரைத் தொடாமல் நின்று பின்னால் காற்று ஓடும். இதற்கென்று கடையில் விற்கிறார்கள், செருப்பு அதைவிட நன்றாக நிற்கிறது.

சுவரைத் தெரிவு செய்யும்போது கையை வைத்துப் பாருங்கள், காலையில் ஒரு தடவை, மழை பெய்த பின் ஒரு தடவை. சில்லென்று ஈரமாக இருந்தால் அந்தச் சுவர் வேண்டாம். இரண்டு அறைக்கும் நடுவிலுள்ள சுவரே எப்போதும் காய்ந்தது. அடுப்புப் பக்கத்துச் சுவரும் காய்ந்ததுதான், ஆனால் ஒரு வருடத்தில் தேயிலை போடாமலே எல்லாம் பழுப்பாகிவிடும்.

பழைய லயங்களில் சுவர் கல்லும் மண்ணும் சுண்ணாம்பும். கொங்கிரீட் ஆணி அடித்தால் ஆணி நிற்காது, சாந்து கொட்டும், பக்கத்து வீட்டிலும் கொட்டும். ஆணி அடிக்காமல் மேலே வளைமரத்திலிருந்து மெல்லிய கம்பியில் ஒரு ரீப்பர் பலகையைச் சுவரோடு ஒட்டித் தொங்கவிட்டு, அதில் படங்களை மாட்டிவிடுங்கள். மாற்றவும் சுகம், மழைக்காலத்தில் கழற்றி வைக்கவும் சுகம். புதுவீட்டுச் சிமெந்துச் சுவர் என்றால் துளை போட்டு பிளாஸ்டிக் பிளக் வைத்துத் திருகாணி முடுக்கினால் வேலை முடிந்தது.

உயரத்துக்கு, படத்தின் நடுப்பகுதி நிலத்திலிருந்து ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைய இருக்கட்டும் என்பது பொது வழக்கம். எங்கள் வீட்டில் ஆட்கள் கதிரையில் உட்கார்ந்துதான் பேசுவார்கள், அம்மாயி பாயில். நாலரை அடியில் மாட்டினேன்.

மாதம் ஒருமுறை பிரேமைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள், பூஞ்சணம் முதலில் வருவது அங்கேதான். வெள்ளைப் பொட்டு தெரிந்தால் ஈரத்துணியால் துடைத்துவிடாதீர்கள், அது பரப்பிவிடும். வெயிலில்லாத காற்றோட்டத்தில் ஒரு நாள் காயவிட்டு, மூக்கைக் கட்டிக்கொண்டு, காய்ந்த மென்மையான பிரஷ்ஷால் வெளியே வைத்துத் தட்டுங்கள்.

திருப்பியது திருப்பியபடி இருக்கட்டும், கடைசி வேலை பின்பக்கத்தில்தான். பேனாவால் எழுதாதீர்கள், மை ஈரத்தில் கசியும். பென்சில் கசியாது. பொருள் என்ன, யாருடையது, எங்கேயிருந்து, அசல் எங்கே இருக்கிறது என்று எழுதுங்கள். எனக்கு விவரம் போதாமல் இருந்ததால் அம்மாயியைக் கேட்டேன். அவர் சொல்லச் சொல்ல எழுதியது இது: ஹட்டன் ஸ்டேசன். பிளாட்போம் டிக்கட். அசல் டின்னில். தங்கச்சி போன நாள். கோச்சி பின்னேரம் வந்தது. நான் திரும்பி நடந்து வந்தேன்.